கிழக்கு எல்லையில் ஒரு பெயர்

ஜேன் ஆஸ்டினின் ஒரே தம்பி திருகோணமலையில் அடக்கமாகியிருக்கிறார். இங்கிலாந்தின் ஹம்ப்ஷயரில் ஸ்டீவன்டன் என்றொரு சிற்றூர். அவ்வூர்ப் பாதிரியார் ஜோர்ஜ் ஆஸ்டினுக்கு எட்டுப் பிள்ளைகள். ஏழாவது ஜேன். எட்டாவது சார்ள்ஸ், 1779 ஜூன் 23இல் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் போர்ட்ஸ்மத் கடற்படைப் பள்ளியில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, 1850இல் கிழக்கிந்தியக் கடற்பிரிவின் தலைமைத் தளபதியானார். இரண்டாம் பர்மியப் போர் நடந்துகொண்டிருந்த 1852 ஒக்டோபர் 7ஆம் திகதி ஐராவதி ஆற்றில், புளூட்டோ என்ற கப்பலில், வாந்திபேதி கண்டு இறந்தார். வயது 73. அவரை அடக்கம் செய்த இடம் திருகோணமலை எஸ்பிளனேட் பக்கத்துச் சேமக்காலை.

கதவைத் திறந்துவிட்ட பெரியவர் எந்தக் கல்லறை என்று என்னைக் கேட்கவில்லை. நேரே அங்கேதான் கூட்டிப்போனார். "எல்லாரும் இவரைத்தான் பார்க்க வாறவை. இவரின்ர அக்கா பெரிய எழுத்தாளராம்" என்றார். அறுபது ஆண்டுகள் கடற்படையில் உழைத்து, ஒரு கடற்பிரிவுக்கே தலைவராகி, போரின் நடுவே உயிரை விட்ட மனிதர். அவரைத் தேடி வருபவர்கள் அக்காவின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். அந்த அக்கா உயிரோடிருந்த காலத்தில் வெளிவந்த அவளது நாவல்கள் ஒன்றிலும் அவளுடைய பெயர் அச்சாகவில்லை என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் கல்லின் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

படம் எடுத்து அனுப்பச் சொன்னவள் என் மச்சாள். பேசிங்ஸ்டோக்கில் இருக்கிறாள், ஸ்டீவன்டன் அவளுக்குப் பக்கத்து ஊர். இங்கிலாந்துக்காரரைக் கல்யாணம் செய்தவள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையப் போய், அவளுக்கும் அந்தப் பித்துப் பிடித்துவிட்டது. புருஷனின் முன்னோரை ஒவ்வொரு கிராமத்துத் தேவாலயப் பதிவேடாகப் புரட்டி, பதினேழாம் நூற்றாண்டின் ஓர் உழவன் வரைக்கும் போய்விட்டாள். இங்கிலாந்தில் அது முடிகிற காரியம். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தோமஸ் குரொம்வெல் 1538இல் ஒரு கட்டளை போட்டார்: ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒரு புத்தகத்தில் எழுதிவர வேண்டும். அந்தப் புத்தகங்களில் பல செல்லரித்தும் நனைந்தும் போயின. ஆனாலும் மிஞ்சியவை ஏராளம். 1837இல் அரசாங்கப் பதிவு வந்தது. 1841 முதல் குடிசனக் கணக்கில் வீட்டுக்கு வீடு பெயர்கள் உண்டு. ஒன்றை விட்டால் இன்னொன்றைப் பிடிக்கலாம்.

ஸ்டீவன்டன் பதிவேட்டைப் பற்றி மச்சாள் சொன்ன ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. திருமணப் பதிவேட்டின் முன்பக்கத்தில், எப்படி நிரப்ப வேண்டும் என்று காட்டும் மாதிரிப் படிவம் ஒன்று இருக்கும். பாதிரியாரின் மகள் ஜேன் சிறுமியாக இருந்தபோது அதை எடுத்து, கற்பனை மாப்பிள்ளைகளின் பெயர்களை எழுதி, தன்னை அவர்களுக்கு மணமுடித்து வைத்திருக்கிறாள். கடைசிவரை கல்யாணமே செய்யாதவளின் கையெழுத்து ஒரு திருமணப் பதிவேட்டில் இன்றைக்கும் பத்திரமாக இருக்கிறது.

அதே மச்சாள்தான் இன்னொன்றும் சொன்னாள். அந்தப் பழைய புத்தகங்களில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததை எழுதும்போது தகப்பனின் முழுப்பெயர் இருக்கும். தாய்க்கு முதற்பெயர் மட்டும் இருக்கும், அல்லது அதுவும் இராது. கல்யாணத்துக்கு முன் அவள் எந்தக் குடும்பம் என்பது தெரியாமலே போய்விடும். "நான் பின்னுக்குப் போகப் போக ஆம்பிளையள் வாறாங்கள், பொம்பிளையள் நிண்டிடுறாங்கள்" என்றாள். இந்த ஒரு வசனத்தோடுதான் நான் இரவு அஞ்சல் ரயில் ஏறினேன். கல்லறைப் படம் அவளுக்கு. எனக்குத் தேவைப்பட்டது என் அம்மம்மாவின் அம்மாவுடைய பெயர்.

அந்தத் தேவை கன்னியாவில் தொடங்கியது. திருகோணமலையிலிருந்து அனுராதபுரம் போகிற வீதியில் சிறிது தூரத்தில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. தாயின் கிரியைகளைச் செய்வதற்காக இராவணன் உருவாக்கியவை என்பது ஐதீகம். அதனால் மாவட்டத்துச் சைவர்கள் அந்தியேட்டிக் கிரியைக்கு அங்கே போவது வழக்கம். என் அம்மாவின் அந்தியேட்டி அங்கே நடந்தபோது குருக்கள் வரிசையாகப் பெயர் கேட்டார். தாய்வழியில் அம்மம்மாவின் பெயரைச் சொன்னோம். அம்மம்மாவின் தாய்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எல்லோருக்கும் அவர் பெத்தாச்சி. சாகும்வரை ஊர் முழுவதும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறது. குருக்கள் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார், கிரியை தடைப்படவில்லை. எனக்குத்தான் அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது.

கல்ஓயாச் சந்தியில் கிழக்கே திரும்புகிற ரயில் விடியும் நேரத்தில் கந்தளாயைத் தாண்டுகிறது. கந்தளாய்ப் பக்கம் வரும்போதெல்லாம் நான் ஜன்னலோரம் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அங்கே பாலமோட்டை என்ற இடத்தில் கிடைத்த தமிழ்ச் சாசனம் ஒன்று முதலாம் விஜயபாகுவின் 42ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பதினோராம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. நங்கைசானி என்ற பிராமணக் கைம்பெண், இறந்துபோன கணவனின் புண்ணியத்துக்காகக் கந்தளாய்ச் சிவன் கோயிலுக்குப் பொருள் கொடுத்ததை அது சொல்கிறது. அந்தக் கொடையைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையிடம் விடப்பட்டது. ஒரு பெண் தன் துக்கத்தைக் கல்லில் வெட்டுவித்தாள். குளத்து நீரில் ஆயிரம் ஆண்டு நெல் விளைந்த மண்ணில் அவள் பெயர் இன்னும் கிடக்கிறது. என் பூட்டியோ நூற்றைம்பது ஆண்டுகூட ஆகாதவள்.

சின்னம்மா உப்புவெளியில் இருக்கிறார். அங்கே நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப் போரின் கல்லறைத் தோட்டம் உண்டு. புல்லை அளவாக வெட்டி, பூச்செடி வைத்து, தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவில் கல் நாட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் ஏட்டில் படை, வயது, தெரிந்தால் தாய் தகப்பன் பெயர், ஊர் எல்லாம் உண்டு. யாரும் எங்கிருந்தும் தேடிப் பார்க்கலாம். கடலோடு போனவர்களையும் அவர்கள் விட்டுவிடவில்லை. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றைக்கே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கி முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். உடல் கிடைக்காத அத்தகைய கடற்படையினரின் பெயர்கள் போர்ட்ஸ்மத், பிளிமத், சாத்தம் நகரங்களின் நினைவுச் சின்னங்களில் பொறிக்கப்பட்டுள்ளன. இந்தப் பராமரிப்பைப் பார்த்து எனக்குப் பொறாமை வரவில்லை. இறந்தவனின் பெயரை இப்படித்தான் காக்க வேண்டும் என்ற எண்ணம்தான் வந்தது.

சின்னம்மாவிடம் அந்த ஏப்ரலைப் பற்றிக் கேட்டேன். அவர் பிறக்க முந்திய கதை. தன் தாயிடம் கேட்டது. குண்டு விழுந்ததும் பட்டினத்துச் சனம் சட்டி பானையோடு தம்பலகாமத்துக்கு ஓடிவந்ததாம். சீனன்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கி ஒன்றில் விமானம் மோதி, நாட்கணக்கில் எரிந்த வெளிச்சம் வயல்வெளியில் தெரிந்ததாம். இன்றைக்கும் ரயிலில் வரும்போது அந்தத் தாங்கிகளைக் காட்டுப் பற்றைக்குள் பார்க்கலாம், தொண்ணூற்றொன்பது நிற்கின்றன. பெத்தாச்சி அப்போது உயிரோடு இல்லை, இரண்டொரு வருஷம் முந்தியே போய்விட்டார் என்பதை இந்தக் கதையிலிருந்துதான் கணக்கிட்டேன். எங்கள் வீடுகளில் ஆண்டு இப்படித்தான் கிடைக்கும். குண்டு விழுந்த வருஷம், புயல் அடித்த வருஷம், குளம் உடைத்த வருஷம்.

"ஏன் பிள்ளை, கச்சேரியில கேட்டா எடுக்கேலாதோ?" என்றார் சின்னம்மா.

கேட்டுப் பார்த்தாயிற்று. இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1867ஆம் ஆண்டிலேயே வந்தது. முதலாவது குடிசன மதிப்பு 1871இல் நடந்தது. ஆனால் வயல்காட்டுக் கிராமத்தில் மருத்துவிச்சி கையில் பிறந்த பெண்பிள்ளையைப் பதிய யார் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள்? அம்மம்மாவின் பிறப்பு பதியப்படவே இல்லை. பின்னாளில் வயதை உத்தேசித்துக் கொடுத்த ஒரு கடதாசிதான் அவரிடம் இருந்தது. பதிவு ஒழுங்காக நடந்த வீடுகளிலும் தாயைத் தாண்டிப் பெண்வழியில் ஏறுவது கஷ்டம். என்னுடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்து மேசையில் விரித்து வைத்தேன். தகப்பன் பெயர், பிறந்த இடம், இனம். தாய் பெயர், பிறந்த இடம், இனம். அடுத்த கூடு, பாட்டன் இலங்கையில் பிறந்தவராயின் அவர் பெயரும் ஆண்டும் இடமும். அதற்கடுத்த கூடு, தகப்பன் இலங்கையில் பிறக்காதவராயிருந்தால், பூட்டன் இங்கே பிறந்தவராயின் அவருடைய விவரம். பாட்டிக்குக் கூடு இல்லை. பூட்டிக்கும் இல்லை.

இந்தக் கூடுகளின் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1948இன் குடியுரிமைச் சட்டம், ஒருவர் இந்நாட்டுப் பிரஜை என்று நிறுவுவதற்குத் தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது. தேயிலைத் தோட்டத்தில் மூன்று தலைமுறை கொழுந்து கிள்ளிய மலையகத் தமிழரிடம் போய்ப் பூட்டனின் பிறப்புக்குப் பத்திரம் கேட்டார்கள். ஏழு இலட்சம் பேர் வரை நாடற்றவர்களானார்கள். இங்கிலாந்தில் ஓய்வுநேரத்து ஆர்வமாக ஒருவர் செய்கிற முன்னோர் தேடல், இந்தத் தீவில் ஒரு காலத்தில் வாக்குரிமையையும் வதிவிடத்தையும் தீர்மானித்தது. அந்தப் படிவத்தில் பாட்டிமார் கேட்கப்படாததற்குக் காரணம் சட்டத்துக்கு அவர்கள் தேவைப்படவில்லை என்பதுதான். கப்பற்படைக்கு வேண்டியது மாலுமியின் பெயர், தேவாலயத்துக்கு வேண்டியது ஞானஸ்நானம் பெற்றவனின் தகப்பன், அரசாங்கத்துக்கு வேண்டியது ஆண்வழி. எழுதுகிறவர் தனக்கு வேண்டியதை எழுதுகிறார். எங்களுக்கு வேண்டியதை நாங்கள் தேட வேண்டிய இடம் வேறு.

மறுநாள் கோட்டைக்குள் போனேன். 1622 முதல் 1624 வரையான ஆண்டுகளில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லாலேயே கட்டிய கோட்டை. 1803 முதல் பிரெடெரிக் கோட்டை. புள்ளிமான்கள் மரநிழலில் படுத்திருக்க, சனம் அர்ச்சனைத் தட்டோடு ஏறிப் போய்க்கொண்டிருந்தது. சுவாமி மலை உச்சியில் பழைய கோயில் தூண் ஒன்றில் ஒல்லாந்த மொழியில் ஒரு நினைவெழுத்து இருக்கிறது: பிரான்சினா வான் ரேட, 1687 ஏப்ரல் 24. காதலன் ஏறிய கப்பல் மறைவதைப் பார்த்து இந்த முனையிலிருந்து கடலில் குதித்த பெண் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். நானும் சின்ன வயதில் அந்தக் கதை கேட்டுப் பயந்து கடலை எட்டிப் பார்த்தவள்தான். ஆனால் அந்த எழுத்தில் அவளை மைட்ரெக்ட் சீமாட்டி என்று குறித்திருக்கிறது. மைட்ரெக்ட் பிரபு யார்? கேரளத்து மூலிகைகளைப் பன்னிரண்டு தொகுதிகளில் வரைந்து எழுதுவித்த ஹென்ட்ரிக் வான் ரேட, ஓர்த்துஸ் மலபாரிக்குஸின் ஆசிரியர். பிரான்சினா அவருடைய வளர்ப்பு மகள். 1691இல் அவர் கடற்பயணத்தில் இறந்து சூரத்தில் அடக்கமானபோது அவள் உயிரோடுதான் இருந்தாள். ஒரு குடும்பப் பட்டப்பெயரைப் பின்பற்றிப் போனதால் ஒரு பெண் தற்கொலைக் கதையிலிருந்து மீட்கப்பட்டாள். இதைவிட நல்ல பயன் இந்தத் தேடலுக்கு என்ன இருக்க முடியும்?

விரிகுடாவின் அக்கரையில் தெரிகிற மூதூரிலும் அப்படி ஒரு பெண்பிள்ளையின் கதை தொடங்குகிறது. 1660இல் ஆன் என்ற ஆங்கிலக் கப்பல் பாய்மரம் மாற்ற அங்கே வந்து நின்றது. கப்டன் ரொபட் நொக்ஸையும் அதே பெயருடைய மகனையும் மாலுமிகளையும் கண்டி மன்னனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். தகப்பன் அடுத்த ஆண்டே இறந்தார். மகன் 1679இல் அரிப்புக்குத் தப்பி வந்து, 1681இல் இலண்டனில் தன் புத்தகத்தை வெளியிட்டார். கூடப் பிடிபட்டவர்களில் பலர் இங்கேயே பெண் எடுத்துப் பிள்ளை குட்டியோடு தங்கிவிட்டார்கள். அப்படிப் பிறந்த லூசியா என்ற சிறுமியை நொக்ஸ் தன் பிள்ளைபோல வளர்த்தார். ஊர் திரும்பிய பிறகு, கண்டிப் பக்கம் எலதெத்தவில் தனக்கிருந்த வீட்டையும் காணியையும் அவளுக்கே விட்டுவிடுவதாக எழுதினார். அவளுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களின் வழியில் யாரோ இன்று மலைநாட்டில் ஒரு சிங்களக் கிராமத்தில், தங்களுக்கு ஓர் ஆங்கில மாலுமி மூத்தவன் என்று தெரியாமலே வாழக்கூடும். மூதூரில் நொக்ஸ் பிடிபட்ட புளியமரத்தைக் குறித்து 1893இல் கல் நட்டார்கள். கல்லில் இருப்பது நொக்ஸ்.

பாலையூற்றுப் பறங்கியரைச் சொல்லாமல் திருகோணமலைக் குடும்ப வரலாறு எழுத முடியாது. ஒல்லாந்தப் பெயரும் போர்த்துக்கேய மொழியும் தமிழ் அயலும் ஒரே வீட்டுக்குள் இருக்கும். தச்சு, கொல்லு, இயந்திரவேலை என்று கைத்தொழிலால் வாழ்ந்த குடும்பங்கள். கிழவர்கள் இன்னும் போர்த்துக்கேயக் கிரியோல் பேசுகிறார்கள். ஒல்லாந்தர் பள்ளித் தோம்பு என்று ஊர்ப் பள்ளிக்கூடங்களில் ஞானஸ்நானமும் திருமணமும் பதிந்த ஏடுகள் கொழும்புச் சுவடிக்கூடத்தில் இருக்கின்றன; அவற்றை வாசிக்க ஒல்லாந்தம் வேண்டும். சேமக்காலைகளின் எழுத்துகளை இலங்கை முழுவதும் திரட்டி ஜே. பென்றி லூயிஸ் என்ற சிவில் அதிகாரி 1913இல் வெளியிட்ட தொகுதியையும் சொல்ல வேண்டும். இன்று உடைந்தும் தேய்ந்தும் போன பல கல்லறைகளுக்கு அந்தப் புத்தகம்தான் சாட்சி.

தம்பலகாமத்துக்குச் சின்னம்மாவும் வந்தார். ஓட்டோவில் போகும்போதே சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஊர்க்காரியாகிவிட்டார். பச்சை வயல், இடையிடையே தென்னை, வாய்க்கால் ஓரம் வெள்ளைக் கொக்குகள். போர்த்துக்கேயர் மலைக்கோயிலை இடித்தபோது காப்பாற்றிய திருமேனிகளுக்காக எழுந்தது என்று சொல்லப்படும் ஆதி கோணநாயகர் கோயில் அந்த வயல்வெளியின் நடுவே நிற்கிறது. கவிராச வரோதயன் இயற்றிய கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூல், குளக்கோட்டு மன்னன் மருங்கூரிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் குடிகளைக் கொண்டுவந்து, கோயிலின் ஒவ்வொரு கடமையையும் ஒவ்வொரு குடிக்கு என்று ஒப்படைத்ததாகச் சொல்லும். விளக்கேற்றுவது யார், பூமாலை கட்டுவது யார், நெல் குற்றுவது யார் என்று அதில் வரும். குளக்கோட்டனின் காலத்தைப் பற்றி அறிஞர்கள் எவ்வளவும் வாதிடட்டும். இங்குள்ள ஒரு பெரியவரிடம் "நீங்கள் எந்த ஊரிலிருந்து வந்தவர்கள்?" என்றால் ஆண்டு சொல்லமாட்டார், தங்கள் குடிக்குக் கோயிலில் என்ன உரிமை என்று சொல்லுவார். 1786இல் ஒல்லாந்தத் தளபதி வான் சென்டன் கொட்டியாரம், தம்பலகாமம், கட்டுக்குளம் பற்றுகளைச் சுற்றிப் பார்த்து நாட்குறிப்பு எழுதினார். அவருக்கு வயலும் குளமும் வரியும் கண்ணில் பட்டன. எங்கள் குடும்பங்களைப் பொறுத்தவரை தேவாலயப் பதிவேட்டின் இடத்தில் இருந்தது கோயில் கடமையும் வயற்காணியும்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் கடமையும் பெரும்பாலும் ஆண்வழிதான் இறங்குகிறது. பெண்வழி இறங்குவது வளவு.

கிழக்கு மாகாணத்தில் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள். தமிழரும் அப்படி, சோனகரும் அப்படி. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். மூத்தவளுக்குத் தாயிருந்த வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் பக்கத்தில் கொட்டில் போட்டு இளையவளுக்கு அடுத்த வீடு கட்டத் தொடங்குவார்கள். அப்படியானால் ஒரு வளவின் உறுதிகளைப் பின்னோக்கி வாசித்தால் பெண்கள் வரவேண்டும். 1990இல் போருக்குப் பயந்து ஓடியபோது படங்களையும் பாத்திரங்களையும் விட்டுவிட்டுப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு போனவை உறுதிகளும் அடையாள அட்டைகளும்தான். அதனால் அவை பல வீடுகளில் தப்பியிருக்கின்றன. எங்கள் வீட்டு உறுதி மட்டும் பாதி. அம்மம்மாவுக்கு அவர் தகப்பன் நன்கொடையாக எழுதிய ஒன்று. அதிலே தகப்பன் பெயர் இருக்கிறது, பாட்டன் பெயர் இருக்கிறது, தாயைக் காணவில்லை. ஆகவே அந்தக் காணி பூட்டனின் முதுசம் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம்.

சின்னம்மா என்னை மேற்குப் பக்கத்து வளவுக்குக் கூட்டிப்போனார். அங்கே இருக்கிற ஐயாவுக்கு எண்பது கடந்துவிட்டது.

"அண்ணை, உங்கட உறுதிப் பெட்டி இருக்கோ?"

"இருக்குத் தங்கச்சி. ஏன், எல்லைப் பிரச்சினையோ?"

"எல்லைதான் வேணும், பிரச்சினை இல்லை" என்று சின்னம்மா சிரித்தார். "இவள் என்ர அக்காவின்ர பிள்ளை. பெத்தாச்சியின்ர பேர் தேடி வந்திருக்கிறாள்."

ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தகரப் பெட்டியை இழுத்தார். மடித்த மடிப்பில் கிழிந்து, பின்னால் துணி ஒட்டிய தாள்கள். நொத்தாரிசின் எழுத்து அழகான சாய்வெழுத்து. 1937ஆம் ஆண்டு. ஐயாவின் தாய்க்கு எழுதிய சீதன உறுதி. "இதன் எல்லை" என்று தொடங்கும் இடத்தை அவரே விரலால் தொட்டு வாசித்தார். வடக்கு வாய்க்கால். தெற்கு ஒழுங்கை. மேற்கு கோயிற் காணி. கிழக்கு, இன்னார் மகள் இன்னாருக்குச் சொந்தமான வளவு.

அந்த இரண்டாவது "இன்னார்" எங்கள் பெத்தாச்சி. அவர் பெயரை ஐயா இரண்டு தரம் வாசித்தார். சின்னம்மா ஒரு தரம் திருப்பிச் சொன்னார். எழுபத்தெட்டு வயதில் தன் தாயின் தாயுடைய பெயரை முதன்முதலாகச் சொன்னார். பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது குடும்பத்துக்கு உரியது. ஆனால் அந்த ஒரு வரியில் இருந்த மற்றச் செய்தியை எழுதலாம். "இன்னார் பெண்சாதி" என்று அங்கே இல்லை. "மகள்" என்றும் "சொந்தமான" என்றும் இருக்கிறது. 1937இல் அந்த வளவு அவருடையது. பூட்டன் மகளுக்கு நன்கொடை எழுதியது பெத்தாச்சி இறந்த பிறகு. அப்படியானால் காணி வந்தது பூட்டனின் பக்கத்தால் அல்ல. பெத்தாச்சிக்கும் தாய்தான் கொடுத்திருக்க வேண்டும்.

உறுதியின் படத்தை மச்சாளுக்கு அனுப்பினேன், ஆஸ்டினின் கல்லறைப் படத்தோடு. கல்லறையைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "பக்கத்துக் காணிக்காரரின்ர உறுதியில தேடலாம் எண்டு எனக்குத் தோணவே இல்லை. இங்கயும் பழைய காணிப் பத்திரங்களில அயலவை பேர் வரும்" என்று குரல்பதிவு அனுப்பியிருந்தாள். அவளுடைய புருஷனின் ஒன்பதாம் பாட்டிக்கு இன்னும் குடும்பப்பெயர் இல்லை. ஹம்ப்ஷயர் சுவடிக்கூடத்தில் அதைத் தேடப் போகிறாள்.

ஐயாவின் உறுதியில் முந்திய உறுதி ஒன்றின் இலக்கம் குறித்திருக்கிறது. அது இன்னொரு நொத்தாரிசு எழுதியது. பிரதி திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் இருக்க வேண்டும். அதிலும் நான்கு எல்லைகள் இருக்கும். கிழக்கு எல்லையில் யார் என்று பார்க்க வேண்டும், பெத்தாச்சியின் தாயாக இருக்கலாம். இலக்கத்தைச் சின்னம்மா என் கொப்பியிலும் எழுதச் சொல்லி, தன் கலண்டர் ஓரத்திலும் எழுதிக்கொண்டார்.

"திங்கக்கிழமை காலமையே போவம். கந்தோரில சனம் கூட முதல்" என்றார். "நானும் வாறன். கேட்கிறவைக்கு நான்தானே உரித்துக்காரி."